ஏரியும் கூரையும்

மழை பொய்ப்பதும் மிகுவதும் நம் முன்னோர் அறிந்தவையே. எனவே ஊர்கூடி ஏரியைத் தூர்வாரிக் கரையைப் பலப்படுத்தினர்; அதுவே குடிமராமத்து. 1858-இல் ஆங்கிலேய ஆட்சி அவ்வுழைப்பைச் சட்டமாக்கியது. ஆயினும் வழக்கம் தேய்ந்தது.

2003-இல் தமிழக அரசு கட்டடந்தோறும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. சென்னைக் கிணறுகளில் நீர் உயர்ந்தது. நாளடைவில் பலர் பராமரிக்க மறந்தனர். 2015-இல் வெள்ளத்தில் மூழ்கிய அந்நகரம், 2019-இல் ஏரிகள் வறண்டு தவித்தது. காலநிலை மாறிவரும் இந்நாளில் இவ்விரண்டும் இன்னும் கடுமையாகவே வரும்.

சட்டம் தொட்டியைக் கட்டுவிக்கும். அதைக் காப்பது கூட்டுப் பொறுப்பே. எனினும் பழமையை நாம் கண்மூடிப் போற்றலாகாது. அன்று ஏரியில் மண் சுமந்தோர் பலருக்கு, அந்நீர் பாயும் நிலம் சொந்தமில்லை. நகரிலும் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்தோர் ஏழைகளே. உழைப்பை மட்டுமன்று, நீரையும் பகிரும் ஊரே நிலைக்கும்.