காண்டெசா கியர்பாக்ஸ் மாற்றம்

காண்டெசா கியர்பாக்ஸ் மாற்றம் என்பது, இந்துஸ்தான் மோட்டார்ஸின் பழைய காண்டெசா காரிலிருந்து நான்கு கியர் பெட்டியை இறக்கிவிட்டு, அதிக முறுக்குவிசை தாங்கும் ஐந்து கியர் பெட்டியை ஏற்றும் பட்டறை வேலை. பெரும்பாலும் இசுசு வகைப் பெட்டிதான் ஏறும். பெட்டி மட்டும் மாறுவது அபூர்வம். கிளட்ச், ஜாயிண்ட் ஷாஃப்ட் (பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு), மவுண்டிங், சில வேளை எஞ்சினே கூட அதோடு சேர்ந்து மாறும்.

காண்டெசா கண்டிப்பான பொருளில் ஸ்போர்ட்ஸ் கார் அல்ல, நான்கு கதவு செடான். பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விஎக்ஸ் மாடலை ஒட்டி 1984 வாக்கில் சந்தைக்கு வந்தது. நீண்ட மூக்கும் பின்சக்கர ஓட்டமும் இருந்ததால் ‘இந்திய மஸில் கார்’ என்று பெயர் வாங்கியது. ஆனால் அந்த மூக்குக்குள் முதலில் இருந்தது அம்பாசடரின் 1489 சிசி பி-சீரிஸ் எஞ்சின். சுமார் 50 குதிரைத்திறன். ஒரு டன்னைத் தாண்டிய உடம்புக்கு அது போதவில்லை. 1980-களின் பிற்பகுதியில் நிறுவனமே இசுசுவின் 1817 சிசி எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் வைத்து ‘காண்டெசா கிளாசிக்’ என்று விற்றது. திறன் 88 குதிரையாக உயர்ந்தது. 1990-களின் தொடக்கத்தில் அதே குடும்பத்து எஞ்சினும் பெட்டியும் அம்பாசடருக்கும் போயின. பட்டறைகள் இன்று செய்வது, தொழிற்சாலை அன்று செய்ததன் மறுபதிப்புதான்.

இந்த வேலைக்கு வெளிநாட்டிலும் உறவு உண்டு. 1955-இல் வந்த எம்ஜிஏ என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினும் இதே 1489 சிசி பி-சீரிஸ். அதன் வாரிசான எம்ஜிபியில் 1967 வரை முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் (கியர்களின் வேகத்தை ஒத்திசைத்து உரசாமல் விழவைக்கும் அமைப்பு) இல்லை. அந்த ஆண்டு முழு சிங்க்ரோமெஷ் பெட்டியை வைத்தபோது, எம்ஜி நிறுவனம் நடுத்தரையின் டன்னலையே அகலப்படுத்த வேண்டியிருந்தது. பின்னாளில் எம்ஜிபி உரிமையாளர்கள் ஃபோர்டு சியராவின் ‘டைப் 9’ ஐந்து கியர் பெட்டியைப் பொருத்துவது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது.

பெட்டி உடைவது ஏன்

கியர்பாக்ஸில் எஞ்சினின் முறுக்குவிசை அப்படியே போவதில்லை. பி-சீரிஸ் வகைப் பெட்டியின் முதல் கியரில் அது மூன்றரை மடங்குக்கு மேல் பெருகுகிறது. பல்லின் அகலம், மெயின் ஷாஃப்டுக்கும் அதற்கு இணையாக ஓடும் லே ஷாஃப்டுக்கும் இடையிலான தூரம், பேரிங் அளவு ஆகிய மூன்றும்தான் பெட்டியின் பலத்தைத் தீர்மானிக்கின்றன. எஞ்சினை மட்டும் பலப்படுத்தினால் முதலில் லே ஷாஃப்ட் பேரிங் சத்தம் போடும், பிறகு கியர் நழுவும், கடைசியில் பல் போகும். பலமான பெட்டி போட்டால் அந்தச் சுமை அடுத்த பலவீனமான இடத்துக்கு நகரும். அது பெரும்பாலும் ஜாயிண்ட் ஷாஃப்டின் யூ.ஜே. கிராஸ் அல்லது பின் அச்சின் கிரவுன் பினியன்.

வேலை நடக்கும் விதம்

பெட்டியும் எஞ்சினும் ஒரே வண்டியிலிருந்து வந்தால் தலைவலி பாதியாகக் குறையும். பழைய 1489 எஞ்சினையே வைத்துக்கொண்டு வேறு குடும்பத்துப் பெட்டியை ஏற்ற நினைத்தால், பெல் ஹவுசிங்கின் போல்ட் துளைகள் எஞ்சின் பின்முகத்தோடு ஒத்துப்போகாது. இடையில் ஓர் அடாப்டர் தகடு வேண்டும். அதை லேத்தில் வெட்டும்போது மையம் துளியும் விலகக் கூடாது. விலகினால் வண்டி ஓடும். ஆனால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதியும் பைலட் புஷ்ஷும் சீக்கிரமே தேய்ந்துவிடும். இந்தச் செலவையும் அபாயத்தையும் பார்த்தால், எஞ்சினோடு சேர்த்து மாற்றுவதே புத்திசாலித்தனம்.

கிளட்ச் பிளேட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதன் வெளிவிட்டம் ஃப்ளைவீலுக்குப் பொருந்த வேண்டும், நடுவிலுள்ள ஸ்ப்ளைன் புதுப் பெட்டியின் இன்புட் ஷாஃப்டுக்குப் பொருந்த வேண்டும். பிளேட்டைப் பிரஷர் பிளேட்டுக்குள் நடுவாக நிறுத்த, பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்றை வெட்டியோ மரத்தில் கடைந்தோ ‘டம்மி’ வைத்திருப்பார்கள். அதைச் செருகி போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில் இறுக்கிய பிறகு உருவும்போது, டம்மி வழுக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். பிடித்தால் பிளேட் நடுவில் இல்லை, பெட்டி உள்ளே போகாது. அந்த நிலையில் பெட்டியைத் தொங்கவிட்டு போல்ட் போட்டு இழுப்பது இன்புட் ஷாஃப்டை வளைக்கும் வழி.

புதுப் பெட்டி நீளமானால் ஜாயிண்ட் ஷாஃப்டைக் குறைத்து, மறுபடி பேலன்ஸ் பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டால் வேகம் ஏற ஏற தரை அதிரும். பின்பக்க மவுண்டிங்குக்குப் புதிய குறுக்குச் சட்டம், கியர் லீவர் வெளிவரும் இடத்தில் டன்னலில் வெட்டு, ஸ்பீடோமீட்டர் கேபிளுக்கு ஏற்ற பினியன் என்று வேலை நீளும்.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது ஐந்தாவது கியர். நான்காவதில் எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும். ஐந்தாவதில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும். விகிதம் 0.8 என்று வைத்தால், 3000 சுற்றில் போன எஞ்சின் அதே வேகத்துக்கு 2400-இல் போகும். விருதுநகரிலிருந்து சாத்தூர் வழியாகக் கோவில்பட்டிக்குப் போகும் சமதளமான நான்குவழிச் சாலையில் இது காதுக்கே தெரியும். மலைச்சாலைக்கு ஐந்தாவது கியர் அலங்காரப் பொருள்.

சிவகாசி வட்டாரத்தில் கவனிக்க வேண்டியது

டன்னல் வெட்ட கேஸ் கட்டிங்கும் கிரைண்டரும் வேண்டும். இரண்டும் தீப்பொறி கக்குபவை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் பட்டாசுக்கான அலுமினியப் பொடியும், தீக்குச்சி மருந்துக்கான பொட்டாசியம் குளோரேட்டும் அன்றாடப் பொருள்கள். பட்டாசு, தீப்பெட்டி ஆலை வேலைக்கு ஓடிய காரானால் தரைவிரிப்புக்கு அடியிலும் சீட் தண்டவாளத்திலும் ரசாயனத் தூசி தங்கியிருக்கலாம். இருக்கை, விரிப்பு, ஒலித்தடுப்பு அட்டை எல்லாவற்றையும் கழற்றி, உலர்ந்த துணியால் தேய்க்காமல் ஈரத்துணியால் துடைத்த பிறகே டார்ச்சைப் பற்றவைக்க வேண்டும். ஆலை வளாகத்திலோ சரக்குக் கிடங்கு ஓரத்திலோ இந்த வேலை கூடவே கூடாது.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, வண்டியின் தயாரிப்பு விவரங்களிலிருந்து விலகும் மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும்தான் இருக்கும். கியர்பாக்ஸ் எண்ணுக்கு அங்கே இடமில்லை. ஆனால் எஞ்சினும் மாறினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியோடு பதிவில் ஏற்றியாக வேண்டும். 15 ஆண்டு முடிந்த கார்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவு புதுப்பிக்கும்போது எண் ஒத்துப்போகாத வண்டி அங்கேயே நின்றுவிடும்.

உதிரிபாகம்

காண்டெசா உற்பத்தி 2002-இலும் அம்பாசடர் உற்பத்தி 2014-இலும் நின்றன. ஆகவே பெட்டி கிடைப்பது உடைப்புக் கடையில்தான். வாங்கும் முன் மேல்மூடியைத் திறந்து பல்லைப் பார்ப்பதும், இன்புட் ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பதும் வழக்கம். பேரிங்குகளின் ஓரத்தில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டால் பெரும்பாலானவை சாதாரண பேரிங் கடையிலேயே கிடைக்கும். சிங்க்ரோ வளையம்தான் கஷ்டம். அது தேய்ந்திருந்தால் அந்தப் பெட்டியை விட்டுவிட்டு வேறு தேடுவது மலிவு.