சரளைச் சைக்கிளோட்டம் (வட சிலாங்கூர்)

தார் போடாத செம்மண், சரளைப் பாதைகளில் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டும் பொழுதுபோக்கு விளையாட்டு. இதற்கான சைக்கிளில் வளைந்த கைப்பிடி, ஏறக்குறைய 35 முதல் 50 மில்லிமீட்டர் அகல டயர், டிஸ்க் பிரேக், ஏற்றத்துக்கேற்ற தாழ்ந்த கியர்கள் இருக்கும். இதன் முதல் உலக வாகையர் போட்டி 2022இல் இத்தாலியில் நடைபெற்றது.

மலேசியாவின் வட சிலாங்கூர் நிலம் இவ்விளையாட்டுக்குப் பொருத்தமானது. மேற்கே கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான் பகுதிகளில் சமதளமான வாய்க்கால் கரைகளும் வயல் பாதைகளும் உள்ளன. நடுவே பெஸ்தாரி ஜெயா (முன்னாள் பத்தாங் பெர்ஜுந்தை) சுற்றுவட்டாரத் தோட்டங்கள். கிழக்கே கோல குபு பாருவைக் கடந்தால் தித்திவங்சா மலைத்தொடர். அங்கிருந்து பிரேசர் மலைக்கு ஏறுவது தார்ச்சாலை.

தோட்டப் பாதைகள் விளையாட்டுக்காக அல்ல, தோட்ட வேலைக்காகப் போடப்பட்டவை. 1917இல் பிரெஞ்சுத் தோட்ட உரிமையாளர் ஆன்றி ஃபோக்கோனியே இவ்வட்டாரத்துத் தென்னமாரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரிடலைத் தொடங்கினார். ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்தவர்களில் தமிழர்கள் பெரும்பங்கினர். இன்று இப்பாதைகளில் பழக்குலை லாரிகள் ஓடுகின்றன.

மழையில் செம்மண் வழுக்கும். வெயிலில் புழுதி பறக்கும். தோட்டங்கள் தனியார் நிலமாதலால், நிர்வாகத்தின் அனுமதி பெற்றே நுழைய வேண்டும்.