புல்லுக்கும் பெயர் உண்டு

குன்னூருக்கு மகன் வீட்டோடு வந்து சேர்ந்த புதிதில், காலை நடையில் ஒரு புல்லைப் பறித்து வந்தேன். என்ன புல் என்று கேட்டதற்கு எல்லோரும் "புல்லுதான்" என்றார்கள். எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் பூதக்கண்ணாடியை எடுத்து வந்தார். "இலை தண்டைச் சுற்றும் இடத்தில் மெல்லிசா ஒரு தோல் இருக்கும், அதைப் பாருங்க சார். அப்புறம் கதிரில் முடி இருக்கான்னு பாருங்க" என்றார். புல்லைக் கண்டுபிடிக்க நாலு பேர் கூட வேண்டும்.

நீலகிரிப் புற்களின் சரித்திரமும் அப்படித்தான். 19ஆம் நூற்றாண்டின் நடுவில், கேத்தியில் படகர்களிடையே ஊழியம் செய்தவர் பாசல் மிஷன் பாதிரியார் மெட்ஸ். அவர் உலர்த்தி அனுப்பிய செடிகளை ஜெர்மனியில் ஹோஹெனாக்கர் பலருக்கும் பிரித்துக் கொடுத்தார். எஸ்லிங்கன் என்ற சிற்றூரில் ஹோக்ஸ்டெட்டர் என்ற பாதிரியாரும் ஸ்டாய்டல் என்ற டாக்டரும் புற்களுக்குப் பெயரிட்டார்கள். யாருக்கும் புல் பிழைப்பு அல்ல, ஆசை. 'அருண்டினெல்லா மெட்ஸியை' என்ற புல்லில் மெட்ஸ் பெயர் இன்றும் நிற்கிறது.

பிறகு நம்மவர் வந்தார். கோவை வேளாண் கல்லூரியின் ரங்காச்சாரியார், தாடுலிங்க முதலியார் துணையோடு 1921இல் தென்னிந்தியப் புற்களுக்கு ஒரு கையேடு எழுதினார். நீலகிரிச் சதுப்பில் வளரும் ஒரு புல்லுக்கு ஃபிஷர் அவர் பெயரையே வைத்தார்: 'எரியோகிரிசிஸ் ரங்காச்சாரியை'. தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேயும் புல் அது. லத்தீன் பெயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே அவர்களுக்கு அதைத் தெரியும்.

நானும் ஆபீசில் எத்தனையோ கோப்புகளில் 'தரிசு' என்று எழுதியவன். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் இங்கே புல்வெளியில் சீகையும் கற்பூர மரமும் நட்டார்கள், தேயிலை போட்டார்கள். மழையைப் பிடித்து ஓடைக்குக் கொடுத்த நிலம் சுருங்கியது. பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1971இல் வெளியிட்ட பிளாஸ்கோவின் நூல், இந்த மலைகளின் காட்டையும் புல்வெளியையும் பற்றியது. பள்ளியில் அடி வாங்கிக் கற்ற பிரெஞ்சு, அதைப் படிக்க இந்த வயதில் உதவியது.

மூன்று வாரம் கழித்து என் புல்லின் பெயர் தெரிந்தது. கிரைசோபோகன் இனம், நம் வெட்டிவேருக்குப் பங்காளி! இப்போது அந்த மேட்டைத் தரிசு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.