அந்தமான் சதுப்பில் கிடைத்த பூஞ்சையும் அதன் முகவரியும்

2021 மார்ச்சில் எம்பயோ ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியானது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் வல்லபபாய் படேல் மார்புநோய் நிறுவனத்தைச் சேர்ந்த அனுராதா சௌத்ரியும் அவருடைய குழுவினரும் அந்தமான் தீவுகளின் கரையோரத்தில் எட்டு இடங்களிலிருந்து மண்ணும் கடல்நீரும் சேகரித்துச் சோதித்திருந்தனர். அவற்றுள் இரண்டு இடங்களில் கேண்டிடா ஆரிஸ் என்னும் பூஞ்சை கிடைத்தது. ஒன்று ஆள்நடமாட்டமில்லாத உப்புச் சதுப்பு. மற்றொன்று மக்கள் வந்துபோகும் மணற்கரை.

அதுவரை இந்தப் பூஞ்சையின் வரலாறு முழுக்க மருத்துவமனை வரலாறாகவே இருந்தது. 2009இல் டோக்கியோவில் ஒரு நோயாளியின் புறச்செவிக் குழாயிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டுப் பெயரிடப்பட்டது. ஆரிஸ் என்ற இலத்தீன் சொல்லுக்குக் காது என்று பொருள். குருதியில் கலந்து உயிரைப் பறிக்கும் ஒரு கிருமிக்கு இது சற்றே பொருந்தாத பெயர்தான். 2011இல் தென்கொரிய மருத்துவர்கள் பழைய சேமிப்பு மாதிரிகளை மறுபடி சோதித்தபோது, 1996ஆம் ஆண்டின் ஒரு குருதி மாதிரியிலும் இதே பூஞ்சை இருந்தது தெரியவந்தது. 2013இல் சௌத்ரி குழு, தில்லியின் இரண்டு மருத்துவமனைகளில் 12 நோயாளிகளிடம் ஃபுளுகோனசோலுக்கு அடங்காத ஒரே வகைத் திரிபைக் கண்டறிந்து அறிவித்தது. வழக்கமான அடையாளக் கருவிகள் இதனைக் கேண்டிடா ஹீமுலோனி என்று தவறாகப் பெயர் சொல்லிவந்ததும் அப்போதுதான் கவனத்துக்கு வந்தது.

அடுத்து வந்த முடிவே ஆய்வாளர்களை அதிகம் குழப்பியது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் லாக்ஹார்ட்டும் பிறரும் மூன்று கண்டங்களைச் சேர்ந்த 54 நோயாளிகளின் மாதிரிகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டனர். மாதிரிகளில் 93 விழுக்காடு ஃபுளுகோனசோலை எதிர்த்தன; 41 விழுக்காடு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மருந்து வகைகளை எதிர்த்தன. முழு மரபணுத்தொகையை ஒப்பிட்டபோது தெற்காசியா, கிழக்காசியா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா என நான்கு கிளைகள் தெளிவாகப் பிரிந்து நின்றன. ஒரு கிளைக்குள் வேறுபாடு மிகக் குறைவு. கிளைகளுக்கிடையே பல்லாயிரம் வேறுபாடுகள். ஒரே ஊரில் தோன்றி விமானமேறிப் பரவிய கிருமியாயின் இவ்வமைப்பு வந்திராது. ஏறத்தாழ ஒரே காலத்தில், தொடர்பற்ற நான்கு நிலங்களில், இது மனித உடலுக்குள் நுழைந்திருக்கிறது.

மொழிகளின் கிளைப்பிரிவைக் கொண்டு மூலமொழியின் காலத்தை ஊகிக்கும் முறையோடு ஒப்பிடத்தக்க கணக்கு ஒன்று உயிரியலிலும் உண்டு. அதன்படி இக்கிளைகளின் பொது மூதாதை கடந்த 340 ஆண்டுகளுக்குள் அடங்குகிறது என்றும், நோய்ப்பரவலை உண்டாக்கிய உட்கிளைகள் 1980களை ஒட்டிப் பெருகின என்றும் 2020இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அப்படியானால் மருத்துவமனைக்கு வருமுன் இது எங்கே வாழ்ந்தது? அர்டுரோ காசடேவாலும் இருவரும் 2019இல் ஒரு விடையை முன்வைத்தனர். பெரும்பாலான பூஞ்சைகள் பாலூட்டிகளின் உடல்வெப்பத்தைத் தாங்குவதில்லை; அந்த வெப்பமே நமக்கு முதல் அரண். புவி சூடாகும்போது சில பூஞ்சைகள் மெல்ல மெல்ல அச்சூட்டுக்குப் பழகி அரணைத் தாண்டக்கூடும். கேண்டிடா ஆரிஸ் அவ்வாறு தாண்டிய முதற் பூஞ்சையாக இருக்கலாம். அதன் பழைய வாழிடம் ஈரநிலமாக இருக்கலாம்.

இந்தப் பின்னணியில்தான் அந்தமான் செய்தி வந்தது. மணற்கரை மாதிரிகள் எல்லாம் பல மருந்துகளை எதிர்த்தன. மருத்துவமனைத் திரிபுகளுக்கு நெருங்கிய உறவாகவும் இருந்தன. சதுப்பில் கிடைத்த ஒரு மாதிரி மட்டும் மருந்துக்கு அடங்கியது. உயர்வெப்பத்தில் மற்றவற்றைவிட மெதுவாக வளர்ந்தது. காசடேவாலின் கருதுகோள் எதிர்பார்த்த பழைய வடிவம் இதுவாகலாம் என்ற ஊகம் எழுந்தது. செய்தித்தாள்களுக்கு அவ்வளவு போதுமாயிருந்தது: மனிதக் காலடி படாத தீவில் கொடிய கிருமியின் பிறப்பிடம்!

இரண்டு சொற்களும் ஐயத்துக்குரியவை. முதலாவது, பிறப்பிடம். அந்தமான் மாதிரிகள் அனைத்தும் தெற்காசியக் கிளைக்குள் அடங்கின. அக்கிளையின் வேர் தீவில் இருந்ததா, அல்லது பெருநிலத்து மனிதரோடும் கழிவுநீரோடும் அது தீவுக்கு வந்துசேர்ந்ததா என்பதை இருப்பு மட்டுமே தீர்மானிக்காது. ஒரு சொல் ஒரு கல்வெட்டில் முதலில் காணப்படுவதால் அது அவ்வூரில் பிறந்ததாகிவிடாது.

இரண்டாவது, மனிதக் காலடி படாத நிலம் என்பது. 1858இல் பிரித்தானியர் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியேற்றத்தை நிறுவினர்; அந்நகர் 2024 முதல் ஸ்ரீ விஜய புரம் எனப்படுகிறது. 1883 முதல் சாத்தம் மர அறுவை ஆலை காட்டு மரங்களை அறுத்துவருகிறது. பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்க அகதிகளும், 1970களில் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழரும் குடியமர்த்தப்பட்டனர். ஈரநிலங்கள் எல்லாமே தொன்மையானவை என்பதுமில்லை. 2004 திசம்பர் நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் தாழ்ந்ததால், சிப்பிகாட் போன்ற இடங்களில் நெல்வயல்களுக்குள் கடல் புகுந்து புதிய சதுப்புகள் உருவாயின.

தீவுகளின் தொற்றுநோய் வரலாறு இதற்கு நேரெதிர்த் திசையில் ஓடியது என்பதும் நினைவில் வேண்டும். 1877இல் தண்டனைக் குடியேற்றத்தின் வழியே வந்த தட்டம்மை, பெரிய அந்தமானியரைப் பெரும் எண்ணிக்கையில் கொன்றது. 1901 கணக்கெடுப்பில் அவர்கள் 625 பேர். 1961இல் 19 பேர். அம்மக்களுள் போ மொழியைப் பேசிய கடைசி மனிதரான போவா முதுமகள் 2010 சனவரியில் மறைந்தார். நோயை ஏற்றுமதி செய்த நிலமாக அந்தமானைச் சித்திரிக்கும் தலைப்புகளை இந்தப் பின்னணி தெரிந்தவர் எளிதில் ஏற்கமாட்டார்.

பூஞ்சையின் முகவரி குறித்த வினா புவியியலோடு முடிவதில்லை. நோயெதிர்ப்பு உயிரணுக்களின் ஆய்விலும் அது குறுக்கிடுகிறது. ஒரு கிருமியை எதிர்கொள்ளும் வெள்ளணு தன் மரபணுக்களை மாற்றுவதில்லை. எவற்றை எந்த அளவு படியெடுப்பது என்பதையே மாற்றுகிறது. இதுவே மரபணு வெளிப்பாடு. உயிரணுவிலுள்ள ஆர்.என்.ஏ. படிகளை எண்ணினால் அது கிருமியை எவ்வாறு வாசித்தது என்று அறியலாம். நெதர்லாந்தின் நைமேகன் நகரை மையமாகக் கொண்ட ஆய்வாளர்கள் மனித வெள்ளணுக்களை இவ்வாறு சோதித்து 2020இல் வெளியிட்டனர். கேண்டிடா ஆரிஸ் தனக்கே உரிய வெளிப்பாட்டுக் கோலத்தைத் தூண்டியது. நெடுங்காலமாக அறியப்பட்ட கேண்டிடா அல்பிகன்ஸைவிட வலுவான சைட்டோகைன் சுரப்பையும் எழுப்பியது. ஆனால் விழுங்கணுக்களை உடைத்து வெளியேறும் திறன் அதற்குக் குறைவு. பூஞ்சைச் சுவரின் வெளிப்புறத்திலுள்ள, அமைப்பில் தனித்தன்மை கொண்ட மானன் சர்க்கரைப் புரதங்களை வெள்ளணுவின் சி-வகை லெக்டின் ஏற்பிகள் இனங்கண்டதே இதற்குக் காரணமென்று அவர்கள் காட்டினர்.

2022இல் சீன ஆய்வாளர்கள் இதற்கு மாறான முடிவைக் கண்டனர். அவர்கள் பயன்படுத்திய பெய்ஜிங் திரிபு, அல்பிகன்ஸைவிடக் குறைவான அழற்சியையே எழுப்பியது. அவர்களும் சுவரின் கட்டமைப்பையே காரணமாகக் கூறினர். இவற்றுக்கு முன்பே, 2018இல், மனித நியூட்ரோபில்கள் இப்பூஞ்சையின் முன் செயலிழந்து, கிருமியைச் சிக்கவைக்கும் டி.என்.ஏ. வலைகளை விரிக்கத் தவறுவதாக ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியிருந்தது.

மூன்றில் ஒன்று தவறு என்று கொள்ளத் தேவையில்லை. வெவ்வேறு திரிபுகள், வெவ்வேறு உயிரணுக்கள். வெள்ளணு வாசிப்பது பூஞ்சையின் சுவரை. அச்சுவர் திரிபுக்குத் திரிபு வேறுபடும். ஆகவே ‘கேண்டிடா ஆரிஸ் நோயெதிர்ப்பை இவ்வாறு மாற்றுகிறது’ என்ற வாக்கியத்தில் எழுவாய் மிகப் பரந்தது. எந்தக் கிளை, எந்த மாதிரி என்று சொல்லாத வரை அவ்வாக்கியம் முழுமையடைவதில்லை. அந்தமான் சதுப்பின் அந்த மெதுவான மாதிரி மதிப்புப் பெறுவதும் இங்கேதான். நோயாளியின் உடலுக்குப் பழகிய திரிபை மட்டும் சோதித்தால், வெள்ளணு எழுப்பும் மறுமொழியில் எது பூஞ்சையின் பழைய இயல்புக்கு உரியது, எது மருத்துவமனை வாழ்வில் சேர்ந்தது என்று பிரிக்க முடியாது. உடல்வெப்பத்தில் தயங்கும் ஓர் உறவு கைவசம் இருக்கையில் ஒப்பீட்டுக்கு ஓர் அடித்தளம் கிடைக்கிறது.

இது ஆய்வகத்துக்குள் அடங்கிய நுணுக்கமன்று. 2020 ஏப்ரல் முதல் சூலை வரை தில்லியில் கொரோனா தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றில் குருதியில் கேண்டிடா தொற்று ஏற்பட்ட 15 பேரில் 10 பேருக்கு இருந்தது கேண்டிடா ஆரிஸ். அந்தப் பத்துப் பேரில் 6 பேர் இறந்தனர். 2022 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட பூஞ்சை நோய்க்கிருமிப் பட்டியலின் மிக உயர்ந்த பிரிவில் இது இடம்பெற்றது.

அதே ஆண்டில் சௌத்ரி குழு மற்றொரு முகவரியைக் கண்டது. வட இந்திய ஆப்பிள்களின் தோல்களைச் சோதித்தபோது, தோட்டத்தில் அப்போதே பறித்தவற்றில் இப்பூஞ்சை இல்லை. பூஞ்சைக்கொல்லி பூசிச் சேமித்துவைத்துப் பின் தில்லிச் சந்தைக்கு வந்த பழங்களில் இருந்தது.