தேரி மணலுக்குள்ள ஒரு வெள்ளை

வீட்டுச் சுவர் பெயிண்ட், பிளாஸ்டிக் பக்கெட், டூத்பேஸ்ட், சன்ஸ்க்ரீன்... பெரும்பாலும் இது எல்லாத்துலயும் இருக்கிற வெள்ளைப் பொடி, டைட்டானியம் டை ஆக்ஸைடு. இன்னைக்குக் கதை அதோடதுதான். தூத்துக்குடிக்கும் அதுல பங்கு இருக்கு.

இது ஏன் இவ்வளவு வெள்ளை? மேல விழுற வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிச்சுத் திருப்பி அனுப்புற பொருள்தான் நம்ம கண்ணுக்கு வெள்ளை. அதுக்கு ஒளியை நல்லா வளைக்கணும். தண்ணியோட ஒளிவிலகல் எண் 1.33, வைரத்துக்கு 2.42. இந்தப் பொடியோட ரூட்டைல் வகைக்குச் சுமார் 2.7! அதனாலதான் மெல்லிசா அடிச்சாலே பழைய கலர் மறைஞ்சிடுது. முன்னாடி அந்த வேலையைச் செஞ்சது ஈய வெள்ளை. அது விஷம். 1916 வாக்குல நார்வேலயும் அமெரிக்காவுலயும் டைட்டானியம் வெள்ளை தொழிற்சாலை அளவுக்கு வந்துச்சு.

வேடிக்கை என்னன்னா, இந்த வெள்ளைக்கு மூலப்பொருள் கறுப்பு. இல்மனைட்னு பேரு, இரும்பும் டைட்டானியமும் கலந்த தாது. 1909-ல ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரர், அன்னைக்குத் திருவிதாங்கூர்ல இருந்த மணவாளக்குறிச்சி கடற்கரையில மோனசைட்டைக் கண்டுபிடிச்சார். காஸ் விளக்கு மேன்டிலுக்குத் தேவையான தோரியம் அதுலதான் இருந்துச்சு. கூடவே வந்த இல்மனைட்டை யாரும் மதிக்கல. பெயிண்ட் தொழில் வளர்ந்ததும், 1920-கள்ல அதுவே கப்பல் ஏறுச்சு.

அங்கிருந்து வடகிழக்கே வந்தா, தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காடு. அந்தச் செம்மணல்லயும் இல்மனைட் இருக்கு. சாத்தான்குளம் பக்கம் அதை எடுக்க 2007-ல தமிழக அரசும் டாடா ஸ்டீலும் ஒப்பந்தம் போட்டாங்க. முதலீடு சுமார் 2,500 கோடி ரூபாய். நிலம் போயிடும், பனை போயிடும், நிலத்தடி நீர் என்ன ஆகும்னு ஊர் மக்கள் எதிர்த்தாங்க. திட்டம் நின்னுபோச்சு. கடற்கரை மணல் கதை வேற. 2013-ல தமிழக அரசு முதல்ல தூத்துக்குடியிலயும், அப்புறம் மாநிலம் முழுக்கவும் தாது மணல் அள்ளத் தடை போட்டுச்சு.

இதே கடல்ல இன்னொரு பளபளப்பையும் எடுத்திருக்காங்க, முத்து. அதுக்கு ஒரு ஒழுங்கு இருந்துச்சு. அரசாங்கம் முதல்ல பார்களைச் சோதிக்கும். சிப்பி முத்தி, போதுமான அளவு இருந்தாத்தான் குளிக்க அனுமதி. இல்லைன்னா எத்தனை வருஷம் ஆனாலும் காத்திருக்கணும். அப்படியும் 1961-க்கு அப்புறம் தூத்துக்குடியில பெரிய முத்துக்குளிப்பு நடக்கல.

அந்த 1960-கள்லதான், மைக்கா துகள் மேல டைட்டானியம் டை ஆக்ஸைடைப் பூசி முத்து மாதிரி மினுக்குற நிறமியும் வந்துச்சு. இன்னைக்குக் கார்ல பாக்குற 'பேர்ல் ஒயிட்' அந்த வகைதான். முத்து மினுங்குறதும் அப்படித்தான், மெல்லிய அடுக்குகள்ல ஒளி பட்டுத் திரும்புறதால.

சிப்பி சில வருஷத்துல மறுபடி வளரும். அதுக்கே பார்த்து எடுக்கணும்னு விதி. தேரி மணல் சேர ஆயிரக்கணக்கான வருஷம் ஆகியிருக்கு. அதை எடுக்க இன்னும் கடுமையான விதி வேணாமா? பெயிண்ட் வேண்டாம்னு நான் சொல்லல. எவ்வளவு எடுக்கிறோம், யாரைக் கேட்டு எடுக்கிறோம், குழியை யார் மூடுறாங்கன்னு அங்க இருக்கிறவங்க கேட்டா, அதை வளர்ச்சிக்கு எதிரான கேள்வின்னு ஒதுக்காதீங்க. உங்க ஊர்ல என்ன மணல் இருக்கு, சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்!