நங்கலில் தண்ணீரிலிருந்து வந்த உரம்

பச்சை ஹைட்ரஜன் என்ற பேச்சு இப்போது பத்திரிகைகளில் அடிக்கடி அடிபடுகிறது. ஏதோ நேற்று வந்த சங்கதி என்று நினைக்க வேண்டாம். 1961-லேயே நம் நாட்டில் அதைப் பெரிய அளவில் செய்தார்கள். அந்தப் பெயர்தான் அப்போது கிடையாது.

சட்லெஜ் ஆற்றில் பக்ரா அணை. அதற்குக் கீழே பஞ்சாபில் நங்கல். அணை மின்சாரத்தைத் தண்ணீரில் செலுத்தி ஹைட்ரஜனைப் பிரித்தார்கள். அதைக் காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா. யூரியா செய்யக் கரியமில வாயுவும் வேண்டும்; தண்ணீரில் அது கிடைக்காது. ஆகவே அங்கே செய்தது கால்சியம் அம்மோனியம் நைட்ரேட். அணு உலைக்கான கனநீரும் 1962 முதல் கிடைத்தது.

அதே காலத்தில்தான் தஞ்சை ஜில்லாவுக்குப் பாக்கேஜ் திட்டம் வந்தது. பின்னாலேயே ஆடுதுறை 27 நெல். வயலுக்கு உரம் கூடுதலாகத் தேவைப்பட்டது. நமக்கு வந்த யூரியா வேறு வழி: நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி, மணலியிலும் தூத்துக்குடியிலும் நாப்தா.

நங்கல் முறை ஏன் நிலைக்கவில்லை? மின்சாரத்துக்கு மோட்டார் பம்புகளும் ஆலைகளும் போட்டிக்கு வந்தன. 1978-ல் ஆலையை விரிவாக்கியபோது எரியெண்ணெய்க்குப் போனார்கள்.

கணக்கைப் பாருங்கள். 45 கிலோ யூரியா மூட்டையில் சுமார் 20 கிலோ தழைச்சத்து. அதற்கு ஏறக்குறைய நாலரை கிலோ ஹைட்ரஜன் வேண்டும். கிலோவுக்கு 50 யூனிட்டுக்கு மேல் ஆகும். ஆக 225 யூனிட்டுக்குக் குறையாது. யூனிட் நாலு ரூபாய் என்று வைத்தாலும் மின்சாரத்துக்கே 900 ரூபாய். விவசாயி மூட்டைக்குக் கொடுப்பதோ 266 ரூபாய் 50 காசு. மீதியை மானியம் தாங்குகிறது.

தத்துவப்படி கிலோவுக்கு 39 யூனிட்டே போதும். மற்றது வெப்பமாக வீணாகிறது. அதைக் குறைக்கவும், விலை உயர்ந்த இரிடியத்துக்குப் பதில் நிக்கலைப் பயன்படுத்தவும் இன்று ஆராய்ச்சி நடக்கிறது. மத்திய அரசு 2023-ல் இதற்கென 19,744 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025-ல் தொடங்கிய சோதனை நிலையம் மணிக்கு 10 கன மீட்டர் தரும், அதாவது ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நம் ஒரு மூட்டைக்கு ஐந்து மணி நேரம்.

வெயில் மின்சாரம் மலிந்திருப்பது நல்ல சேதி. ஆனால் நங்கலைப் பின்னுக்குத் தள்ளியது மின்சாரப் பங்கீடு. நம் பம்புசெட்டும் உர ஆலையும் ஒரே கம்பியைப் பார்த்து நிற்கும் நாள் வந்தால், யாருக்கு முதலில் என்பதை இப்போதே பேசி வைப்பது நல்லது.