டர்பனில் மாறிய வாதம்

வெளியுறவுக் கொள்கை என்றால் டெல்லி அதிகாரிகளின் வேலை, நமக்கென்ன என்று பல தோழர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். இந்த ஒரு வரலாற்றையாவது தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

1946இல் தென்னாப்பிரிக்க அரசு, இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கட்டுப்படுத்தும் சட்டம் கொண்டுவந்தது. விடுதலைக்கு முன்பே இந்தியா இதை ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது, அந்நாட்டுடனான வர்த்தகத்தையும் நிறுத்தியது. இது தங்கள் உள்நாட்டு விவகாரம் என்று பிரதமர் ஸ்மட்ஸ் வாதிட்டார். விஜயலட்சுமி பண்டிட் தலைமையிலான இந்தியக் குழு அதை ஏற்கவில்லை. பொதுச்சபை இந்தியாவின் பக்கம் நின்றது. பெருமைப்பட வேண்டிய வெற்றிதான்.

அதே ஆண்டில் அண்ணல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டூ போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் நகலைக் கேட்டார். தீண்டாமைக்கு ஆளானவர்களும் அதுபோல் முறையிட யோசிப்பதாகச் சொன்னார்.

1965இல் ஐ.நா. ஏற்ற இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையில் இனம், நிறம் ஆகியவற்றோடு 'வம்சாவளி' என்ற சொல்லும் இருக்கிறது. அதைச் சேர்க்கச் சொன்னதே இந்தியா!

2001இல் இனவெறி எதிர்ப்பு மாநாடு டர்பனில் நடந்தது. 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் போன ஒப்பந்தக் கூலிகள் இறங்கிய துறைமுகம் அது. கப்பல் பதிவேட்டில் பெயரோடு சாதியும் எழுதப்பட்டிருந்தது. அந்த ஊரில்தான் நம் தோழர்கள் சாதியையும் பேசுங்கள் என்று கேட்டார்கள். சாதி இனமல்ல, அது உள்நாட்டு விவகாரம் என்று இந்திய அரசு தடுத்தது. 55 ஆண்டுகளுக்கு முன் தான் தோற்கடித்த ஸ்மட்ஸின் வாதம்!

சாதியும் இனமும் ஒன்றல்ல என்று ஆந்த்ரே பெத்தேல் போன்ற சமூகவியலாளர்களும் அப்போது எழுதினார்கள். வகுப்பறையில் அது சரியாகவே இருக்கட்டும். உடன்படிக்கை கேட்பது வம்சாவளியை. 2002இல் அதன் கண்காணிப்புக் குழுவே அந்தச் சொல்லில் சாதியும் அடங்கும் என்று விளக்கிவிட்டது.

இதை முரண்பாடு என்கிறார்கள். எனக்கு இதில் ஒரு சீர்மைதான் தெரிகிறது. இரண்டு முறையும் அரசு காத்தது நாட்டின் மானத்தை. அந்த நாட்டுக்குள் சேரிக்கு எந்த இடம் என்ற கேள்வி இரண்டு முறையும் அதன் கோப்பில் இல்லை.

2006 டிசம்பரில் பிரதமர் மன்மோகன் சிங், தீண்டாமைக்கு இணையாக நிறவெறியை மட்டுமே சொல்ல முடியும் என்று பேசினார். இரண்டே மாதத்தில், ஜெனீவாவில் அதே குழுவின் முன் அவருடைய அரசின் பிரதிநிதிகள் பழைய பதிலையே சொன்னார்கள்: சாதி இந்த உடன்படிக்கைக்குள் வராது.